பாதிக் கூடாரம்: காசில்லாதவங்க கட்டின புட்ச் ஸ்டைலும் கேம்பிங்கும்

இது எபிசோடோட எழுத்து வடிவம். இழுவைகளையும் இருமலையும் எடுத்தாச்சு, பேச்சை எடுக்கலை.

இந்த வாரம் வந்த கேள்வி இது: "புட்ச்சா உடுத்தணும்னு ரொம்ப நாளா ஆசை. கேம்பிங் போகணும்னும் ஆசை. சம்பளம் வந்த பத்து நாள்ல காலி. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" படிச்சதும் எனக்குத் தோணினது, இது ரெண்டு கேள்வி இல்லை, ஒண்ணுதான். ஏன்னா அமெரிக்காவுல புட்ச் ஸ்டைலும் மலிவு கேம்பிங்கும் ஏறக்குறைய ஒரே கடையிலேர்ந்து வந்தவை. அந்தக் கடை எது, அங்கே யார் போனாங்க, என்ன விலை கொடுத்தாங்கன்னு பார்த்துட்டு, கடைசியில உங்க கேள்விக்கு வர்றேன்.

முதல்ல சொல்லை ஒழுங்கு பண்ணிக்கலாம். புட்ச்னா, பெண்களை நேசிக்கிற பெண்கள் மத்தியில, ஆம்பளைத்தனம்னு ஊர் பேர் வெச்சிருக்கிற உடை, நடை, தோரணையில தங்களை உணர்றவங்க. ஃபெம் அதுக்கு இணையான இன்னொரு சொல். புட்ச்கள்ல சிலர் தங்களைப் பெண்ணுன்னு மட்டும் சொல்லிக்குவாங்க, சிலர் திருநர்னும் சொல்லிக்குவாங்க. இதுக்குத் தமிழ்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு சொல் இன்னும் வரலை, அதனால புட்ச்னே வெச்சுக்கறேன். ஒரு வசதி நமக்கு உண்டு. 'அவர்'னு சொன்னா ஆணா பெண்ணான்னு மொழி கேட்காது. இந்த எபிசோட்ல அது நிறைய உதவும்.

முதல் பேன்ட் முகாம்ல

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல பெண்கள் உடைன்னா தரையைத் தொடுற பாவாடை, அடியில அடுக்கடுக்கா உள்பாவாடை, இடுப்பை இறுக்கின கார்செட். 1851ல அமீலியா புளூமர் தன்னோட 'தி லில்லி' பத்திரிகையில, குட்டைப் பாவாடைக்குக் கீழே தொளதொளன்னு ஒரு கால்சட்டை போடலாம்னு எழுதினார். ஊரே சிரிச்சது. கேலிச்சித்திரம் போட்டாங்க. அவர் பேரே அந்தக் கால்சட்டைக்கு நின்னுது: புளூமர்ஸ். சில வருஷத்துல அவரே அதைக் கைவிட்டுட்டார்.

ஆனா அந்தக் கால்சட்டை சாகலை, ஒதுங்கி இருந்துது. உடற்பயிற்சிக் கூடத்துல இருந்துது. 1890கள்ல சைக்கிள் வந்தப்போ தெருவுக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல பெண் பிள்ளைங்களுக்கான கோடை முகாம்கள் பெருகினப்போ, அங்கே புளூமர்ஸும் மாலுமிச் சட்டையும் சீருடை மாதிரி ஆச்சு. 1912ல ஜூலியட் கார்டன் லோ, சவானா நகரத்துல 18 பெண் பிள்ளைகளை வெச்சுப் பெண் சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார். கூடாரம் அடிக்கிறது, தீ மூட்டுறது, முடிச்சுப் போடுறது எல்லாம் பெண்களுக்கான பாடமாச்சு.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. ஊருக்குள்ள கூடாத உடை காட்டுல கூடும். முள்ளு கிழிக்கும், சேறு ஒட்டும், அதனால பேன்ட் போட்டாத் தப்பில்லைன்னு ஒரு சாக்கு கிடைச்சது. தனக்குப் பொருந்துற உடலசைவு எப்படி இருக்கும்னு பல பெண்கள் முதல்முறை தெரிஞ்சுகிட்டது ரெண்டு வார முகாம்லதான். முகாம் முடிஞ்சா மறுபடி பாவாடை.

மூணு துணிக் கணக்கு

முகாமுக்கு வெளியே என்ன நிலைமை? ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரம் 1848ல ஒரு விதி போட்டது: தன் பாலினத்துக்குரியதல்லாத உடையில பொது இடத்துக்கு வரக்கூடாது. சான் பிரான்சிஸ்கோ 1863ல போட்டது. முதல் உலகப் போர் வர்றதுக்குள்ள 40க்கும் மேற்பட்ட அமெரிக்க நகரங்கள்ல இப்படி விதிகள் வந்துடுச்சு. சான் பிரான்சிஸ்கோவுல அதை நீக்கினது 1974லதான். கொலம்பஸ் விதி 1975ல கோர்ட்ல செத்துது.

1940கள், 50கள்ல வாழ்ந்த புட்ச்கள் பலரோட நினைவுல ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வருது. போலீஸ் பிடிச்சா, பெண்கள் துணி மூணாவது உடம்புல இருக்கணும், இல்லைன்னா கைதுன்னு. அப்படி எண்ணிக்கை சொல்ற ஒரு சட்ட வரியை வரலாற்றாளர்கள் தேடியும் கிடைக்கலை. ஆனா போலீஸுக்குச் சட்டப் புத்தகம் தேவைப்படலை. மாறுவேடம், ஒழுங்கீனம், சும்மா திரிஞ்சதுன்னு எதையாவது எழுதி உள்ளே தள்ள முடியும். மூணு துணிக் கணக்கு, கைதாகாம வீடு திரும்புறதுக்கு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்ட எச்சரிக்கை. எண்ணிப் பார்த்து உடுத்த வேண்டியிருந்த காலம் அது.

இந்த அழுத்தம் ஒரு ஆளை என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்க கிளாடிஸ் பென்ட்லியைப் பாருங்க. 1907ல பிறந்த கறுப்பினப் பாடகர். 1920கள்ல நியூயார்க் ஹார்லெம்ல வெள்ளை டக்சீடோ கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுப் பியானோ வாசிச்சுப் பாடினார். கூட்டம் அலைமோதிச்சு. அவர் தொடங்கினது வாடகை விருந்துகள்ல. வீட்டு வாடகை கட்டக் காசில்லாதவங்க வீட்டுல இசை வெச்சு, வர்றவங்ககிட்ட ஆளுக்குக் கொஞ்சம் வசூல் பண்றதுதான் வாடகை விருந்து. 1952ல, மெக்கார்த்தி வேட்டை உச்சத்துல, அதே பென்ட்லி 'எபோனி' பத்திரிகையில, தான் திரும்பவும் பெண்ணாயிட்டேன்னு கட்டுரை எழுதினார். கவுன் போட்டு, வீட்டு வேலை செய்யற மாதிரிப் படங்கள் வந்தது. மனசார எழுதினாரா, பிழைக்க எழுதினாரான்னு இன்னும் விவாதம் நடக்குது. 1960ல இறந்துட்டார். டக்சீடோ போட்ட ஃபோட்டோ எல்லாருக்கும் தெரியும். 1952 கவுன் ஃபோட்டோவையும் பார்த்தாத்தான் அந்த டக்சீடோவோட விலை புரியும்.

பஃபலோ: கஞ்சி போட்ட சட்டை

1942ல அமெரிக்கா முழுசாப் போருக்குள்ள. ராணுவத்தோட பெண்கள் படையில மட்டும் சுமார் 1,50,000 பேர் வேலை பார்த்தாங்க. இன்னும் லட்சக்கணக்கானவங்க தொழிற்சாலைக்குப் போனாங்க. மெஷின்ல பாவாடை சிக்கும், அதனால பேன்ட். திடீர்னு தெருவுல பேன்ட் போட்ட பெண் சாதாரணம் ஆயிட்டாங்க. அந்தக் கூட்டத்துல புட்ச்களும் கலந்து நடந்தாங்க, யாரும் திரும்பிப் பார்க்கலை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? நியூயார்க் மாநிலத்துல பஃபலோன்னு ஒரு ஊர். எஃகு ஆலை, கார் ஆலை ஊர். 1978ல எலிசபெத் லபோவ்ஸ்கி கென்னடியும் மேட்லின் டேவிஸும் அங்கே ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டம் தொடங்கினாங்க. 1930கள்லேர்ந்து 60கள் வரைக்கும் மதுக்கடைகளையும் வீட்டு விருந்துகளையும் மையமா வெச்சு வாழ்ந்த உழைக்கும் வர்க்க லெஸ்பியன் பெண்களைத் தேடிப் போய்ப் பேசினாங்க. 45 பேரோட பேச்சு 1993ல புத்தகமா வந்தது. என்னைக் கேட்டா, புட்ச் ஸ்டைல் பத்தி முதல்ல படிக்க வேண்டியது எந்த இன்ஃப்ளூயன்சர் வீடியோவும் இல்லை, இதுதான்.

அதுல தெரியுற விஷயம் என்னன்னா, அவங்க உடை பணக்கார உடை இல்லை. வாரம் முழுக்க ஆலையிலயோ டாக்சியிலயோ உழைச்சுட்டு, சனிக்கிழமை ராத்திரிக்குன்னு ஒரு நல்ல சட்டை, கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணினது. மடிப்புக் கலையாத பேன்ட், பளபளன்னு ஷூ. எண்ணிக்கை கம்மி, பராமரிப்பு ஜாஸ்தி. நம்ம ஊர்ல ஒத்தை வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுக் கல்யாணத்துக்குப் போற பெரியவங்களைப் பார்த்திருப்பீங்களே, அதே மனசு.

1950கள்ல இன்னொரு தலைமுறை வந்தது. சனிக்கிழமைக்கு மட்டும்னு இல்லாம, ஏழு நாளும் இப்படித்தான் இருப்பேன்னாங்க. விலை உடனே தெரிஞ்சுது. ஆபீஸ் வேலை கிடையாது, கடை வேலை கிடையாது, ஏன்னா அங்கெல்லாம் பாவாடை கட்டாயம். பேன்ட் போட விடுற வேலையைத் தேடித்தான் போகணும். தெருவுல அடிதடி, மதுக்கடையில போலீஸ் ரெய்டு. இந்த இடத்துல தொன்மம் ஆக்கிடாம உண்மையையும் சொல்லணும். அந்த உலகமும் நிறத்தால பிரிஞ்சுதான் இருந்துது. கறுப்பினப் பெண்கள் வெள்ளைக்கார மதுக்கடைகளுக்குப் போறதை விட வீட்டு விருந்துகள்லதான் அதிகமாக் கூடினாங்க.

அதே பஃபலோவுல வளர்ந்தவர்தான் லெஸ்லி ஃபைன்பெர்க். 1949ல பிறந்தவர். ஆலைகள்ல வேலை பார்த்தவர், கம்யூனிஸ்ட், தன்னைத் திருநர்னும் லெஸ்பியன்னும் ரெண்டாவுமே சொல்லிக்கிட்டவர். அவரோட 'ஸ்டோன் புட்ச் புளூஸ்' நாவல் 1993ல வந்தது. 2014ல அவர் இறக்கறதுக்கு முன்னாடி, அதை யாரும் இலவசமாப் படிக்கற மாதிரி இணையத்துல விடணும்னு முடிவு பண்ணினார். இன்னிக்கும் அது காசில்லாமக் கிடைக்குது. ஆனா அதுல அடி, பாலியல் வன்முறையெல்லாம் நேரடியா வரும். மனசு திடமா இருக்கிற நாள்ல எடுங்க.

ராணுவப் பழசுக் கடை

இப்போ அந்தக் கடைக்கு வருவோம். 1945ல போர் முடிஞ்சுது. லட்சக்கணக்கான கூடாரம், கம்பளி, தண்ணிக் குடுவை, முதுகுப் பை, பூட்ஸ், காக்கிச் சட்டை அரசாங்கத்துகிட்ட மிச்சம். எல்லாத்தையும் வித்தாங்க. ஊர் ஊரா ஆர்மி சர்ப்ளஸ் கடைகள். தடிமனான துணி, நல்ல தையல், அடிமாட்டு விலை.

அங்கே விக்கிற உடை ஆம்பளைங்க அளவு. ஆனா ஃபேஷன் கடை மாதிரி 'பெண்கள் பிரிவு அந்தப் பக்கம்'னு யாரும் கை காட்ட மாட்டாங்க. வேலைக்குத் துணி வாங்க வந்தவங்க கூட்டம், அவ்வளவுதான். ஜீன்ஸும் அந்த மாதிரித் துணிதான். லீவைஸ் 1873ல ரிவெட் அடிச்ச பேன்டுக்குக் காப்புரிமை வாங்கினது உழைக்கிற ஆம்பளைங்களுக்காக. பெண்களுக்குன்னு தனி ஜீன்ஸை அவங்க விட்டது 1934லதான். அதுவரைக்கும் ஜீன்ஸ் வேணும்னா ஆம்பளை ஜீன்ஸ்தான்.

அந்தக் கடையில எனக்குப் பிடிச்ச பொருள் ஒண்ணு உண்டு. ஷெல்டர் ஹாஃப், அதாவது பாதிக் கூடாரம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துலேர்ந்து இருந்த ஏற்பாடு. ஒவ்வொரு சிப்பாயும் கூடாரத்துல பாதியை மட்டும் சுமப்பார். பாதித் துணி, கொஞ்சம் கோல், கொஞ்சம் முளைக்குச்சி. ராத்திரி ஆனா இன்னொருத்தரோட பாதியோட சேர்த்துப் பட்டன் போட்டா ரெண்டு பேர் படுக்கற கூடாரம். தனியா இருந்தா அது வெறும் தார்ப்பாய் மாதிரி ஒரு துணி. போருக்கு அப்புறம் குறைஞ்ச காசுல கேம்பிங் போன பலருக்கு இதுதான் முதல் கூடாரம்.

1948ல ஏர்ல் ஷாஃபர்னு ஒரு முன்னாள் சிப்பாய், ஜார்ஜியாவுலேர்ந்து மெய்ன் வரைக்கும் போற அப்பலாச்சியன் பாதையை ஒரே பயணமா நடந்து முடிச்சார். அப்படி முடிச்சதாப் பதிவான முதல் ஆள் அவர்தான். தோள்ல இருந்தது ராணுவத்து முதுகுப் பை.

ஏழு வருஷம் கழிச்சு அந்தப் பாதையில வந்தவர் எம்மா கேட்வுட். ஒஹையோவுல பண்ணை வீட்டுப் பெண், 11 பிள்ளை பெத்தவர், 67 வயசு. அவர் புட்ச் இல்லை, நான் அப்படிச் சொல்ல வரலை. காசில்லாம காட்டுல தங்குறதுக்கு அவரை விட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார், அதனால சொல்றேன். வருஷக்கணக்கா அடிச்ச புருஷனை 1941ல விவாகரத்துப் பண்ணினவர். டாக்டர் கிளினிக்ல பழைய 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழ்ல அந்தப் பாதை பத்திப் படிச்சு, போகலாம்னு முடிவு பண்ணினார். 1954ல ஒரு தடவை மெய்ன் பக்கமிருந்து தொடங்கி வழி தவறினார், கண்ணாடி உடைஞ்சுது, வனக் காவலர்கள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 1955 மே 3ஆம் தேதி ஜார்ஜியாவுலேர்ந்து மறுபடி தொடங்கினார். குடும்பத்துகிட்ட, நடக்கப் போறேன்னு மட்டும் சொல்லியிருந்தார்.

அவர் எடுத்துட்டுப் போனது என்ன? தானே தைச்ச டெனிம் துணிப் பை. ராணுவக் கம்பளி ஒண்ணு. மழைக்கோட்டு. கூடாரத்துக்குப் பதிலா பாத்ரூம்ல தொங்கவிடுற பிளாஸ்டிக் திரை. கால்ல சாதாரண கேன்வாஸ் ஷூ. சாப்பிட உலர்திராட்சை, கடலை, டின்ல அடைச்ச சின்னச் சாசேஜ். மொத்தச் சுமை 9 கிலோவுக்குள்ள. செப்டம்பர் 25ஆம் தேதி, சுமார் 3,300 கிலோமீட்டர் நடந்து, மெய்ன்ல கட்டாடின் மலை உச்சிக்குப் போனார். அந்தப் பாதையைத் தனியா முழுசா நடந்து முடிச்ச முதல் பெண். பல ராத்திரி முன்பின் தெரியாதவங்க வீட்டுல சாப்பிட்டு, திண்ணையில படுத்தார். அவர் செலவு குறைஞ்சதுக்குப் பாதிக் காரணம் அந்தக் குட்டிப் பை. மீதிப் பாதி, கதவைத் திறந்தவங்க.

மிச்சிகன்: நாமே கட்டின ஊர்

1970கள்ல பெண்ணியம் பெருசா எழுந்துது. வேடிக்கை என்னன்னா, அப்போ பல பெண்ணியவாதிகள் பழைய புட்ச்-ஃபெம் ஜோடிகளைப் பார்த்து, இது புருஷன் பொண்டாட்டி நாடகத்தோட நகல்னு ஒதுக்கினாங்க. ஜோன் நெஸ்ல் 1981ல அதுக்குப் பதில் எழுதினார்: அது நகல் இல்லை, 1950கள்ல பகிரங்கமா வாழ்ந்த துணிச்சல்னு. 1974ல தொடங்கின லெஸ்பியன் ஆவணக் காப்பகம் பல வருஷம் இருந்தது அவரோட நியூயார்க் அபார்ட்மென்ட்லதான்.

இன்னொரு பக்கம், அதே பெண்ணியவாதிங்க கட்டம் போட்ட ஃபிளானல் சட்டையும் பூட்ஸும் மாட்டிக்கிட்டு காட்டுப் பக்கம் நிலம் தேடிப் போனாங்க. 1976 ஆகஸ்ட்ல மிச்சிகன் மாநிலத்துல பெண்களுக்கான ஒரு இசை விழா தொடங்கிச்சு. தொடங்கினவங்கள்ல ஒருத்தரான லிசா வோகலுக்கு அப்போ 19 வயசு. அப்புறம் ஹார்ட்ங்கிற ஊர்கிட்ட 650 ஏக்கர் நிலம். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடாரம் அடிச்சு ஒரு வாரம் தங்குவாங்க. மேடை, மின்சாரம், தண்ணிக் குழாய், சமையல் எல்லாம் பெண்கள் கை. வாரக்கணக்கில கட்டி, விழா முடிஞ்சதும் எல்லாத்தையும் பிரிப்பாங்க. டிக்கெட் அவங்கவங்க வசதிக்கு ஏத்த விலை, வர்ற எல்லாரும் சில மணி நேரம் வேலை செய்யணும். காய் நறுக்குறது, குப்பை அள்றது, குழந்தை பார்த்துக்கறதுன்னு. பெரிய அடுப்புல சைவச் சாப்பாடு. ஜெனரேட்டர் ரிப்பேர் பண்ற ஒரு புட்ச்சை, அது அவரோட சாதாரண வேலைங்கற மாதிரி முதல்முறை பார்த்தது அங்கேதான்னு நினைவுகூர்றவங்க நிறைய.

ஆனா அந்த ஊருக்கு ஒரு கேட் இருந்துது. 1991ல ஒரு திருநங்கையை அங்கேர்ந்து வெளியே அனுப்பினாங்க. பெண்ணாப் பிறந்தவங்களுக்கு மட்டும்னு காரணம். எதிர்த்தவங்க அடுத்தடுத்த வருஷங்கள்ல கேட்டுக்கு வெளியே, அரசு வனத்துல, தங்களோட கூடாரத்தை அடிச்சாங்க. கேம்ப் டிரான்ஸ்னு பேர். 1994ல அங்கே போனவங்கள்ல ஃபைன்பெர்கும் ஒருத்தர். யோசிச்சுப் பாருங்க. எந்த புட்ச் வாழ்க்கையை எழுதி உலகத்துக்குச் சொன்னாரோ, அந்த ஆள் புட்ச்களுக்கு ரொம்பப் பிடிச்ச காட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். இந்தச் சண்டை தீராமலே 2015ல விழா நின்னு போச்சு. உள்ளே இருந்தவங்களுக்கு அது நிஜமான சொர்க்கம். வெளியே நிறுத்தப்பட்டவங்களுக்கு, தங்களைப் பிடிச்ச போலீஸ் கேட்ட அதே கேள்வி: நீ நிஜமாவே பெண்ணா? நாமளே ஒரு இடம் கட்டினாலும் வாசல்ல அந்தக் கேள்வி வந்து நிக்கலாம். அதை மறந்துடக்கூடாதுன்னுதான் இவ்வளவு சொன்னேன்.

சரி, உங்க கேள்வி

இப்போ இந்த வரலாற்றை வெச்சு நடைமுறைக்கு வருவோம்.

உடையில தொடங்குறேன். எனக்கு முதல்ல கிடைச்ச நல்ல சட்டை என் அண்ணன் கழிச்சுப் போட்டது. போட்டதும் தோள்ல சரியா உக்காந்துது, கண்ணாடிக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். ஏன் அது மட்டும் சரியா இருந்துதுன்னு ஒரு டெய்லர் அக்காதான் விளக்கினாங்க: ஷோல்டர். ஆம்பளைச் சட்டை வாங்கினா ஷோல்டர் தையல் தோள் எலும்பு முடியுற இடத்துல நிக்குதான்னு மட்டும் பாருங்க. கை நீளம், உடம்பு அகலம், அடி உயரம் எல்லாம் கொஞ்சக் காசுல ஆல்டர் பண்ணலாம். ஷோல்டரை மாத்தறது பெரிய வேலை. பேன்ட் அதுக்கு நேரெதிர். இடுப்புக்குக் கீழே எங்கே அகலமோ அந்த அளவுக்கு வாங்கி, வெய்ஸ்டைப் பிடிக்கச் சொல்லுங்க.

பத்து துணி வேண்டாம். பஃபலோ கணக்கு ஞாபகம் வெச்சுக்கோங்க: ஒரு நல்ல சட்டை, ஒரு பேன்ட், ஒரு பெல்ட், துடைச்சு வெச்ச ஒரு ஷூ. இஸ்திரிப் பெட்டிதான் ஸ்டைலுக்கான பெரிய செலவு. வீட்டுல பேசற நிலைமை இல்லைன்னா, மத்தவங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துலேர்ந்து தொடங்கலாம். ஆம்பளை வாட்ச், பெல்ட்டு, உள்ளே போடுற பனியன். 1950கள்லயும் ஏழு நாளும் முடியாதவங்க சனிக்கிழமை மட்டும் உடுத்தினாங்க. அவங்களை யாரும் அரைகுறை புட்ச்னு வரலாற்றுல எழுதலை.

மார்பைத் தட்டையாக் காட்டணும்னு இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எலாஸ்டிக் பேண்டேஜ், டேப் சுத்தாதீங்க. மூச்சு வாங்கும், விலா எலும்பைப் பாதிக்கும். அதுக்குன்னே தைச்ச பைண்டர் கூட மலை ஏறும்போதும் தூங்கும்போதும் வேண்டாம். கேம்பிங்குக்கு இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிராவும் மேலே தொளதொள சட்டையும் போதும்.

இடுப்புல சாவி மாட்டுற கேரபினர் பத்தியும் கேட்பீங்க. மலையேறிகள் கயிறு மாட்டற வளையம் அது. உழைக்கிற புட்ச்கள் இடுப்புல தொங்கின சாவிக்கொத்தோட அடையாளம் அதுக்கு வந்து சேர்ந்துது. அலிசன் பெக்டெல் 2006ல வெளியிட்ட 'ஃபன் ஹோம்' படக்கதையில, சின்ன வயசுல ஒரு உணவகத்துல லாரி ஓட்டற ஒரு புட்ச்சைப் பார்த்த நொடியை வரைஞ்சிருக்கார். அதை மேடை நாடகமாக்கினப்போ அந்தச் சாவிக்கொத்து ஒரு முழுப் பாட்டாச்சு. ஹார்டுவேர் கடையில சின்ன வளையம் ரொம்பக் கம்மி விலை. ஆனா அது சாவிக்குத்தான். உயிரைத் தாங்குற கயிறை அதுல மாட்டிடாதீங்க.

கேம்பிங்குக்கு வர்றேன். முதல் தடவை ஒரே ஒரு ராத்திரி, ஊருக்குப் பக்கத்துல, அனுமதி உள்ள இடத்துல. காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாமக் கூடாரம் போடறது குற்றம், ஆபத்தும் கூட. கூடாரத்தை வாங்காதீங்க, கடன் வாங்குங்க, இல்லை வாடகைக்கு எடுங்க. காசு போடறதா இருந்தா, உடம்புக்குக் கீழே விரிக்கறதுல போடுங்க. ராத்திரி குளிர் மேலேர்ந்து மட்டும் வராது, தரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். அடியில தார்ப்பாய், அதுமேல ஃபோம் மேட், அதுமேல போர்வை. நல்ல போர்வை இருந்தும் நடுங்கறவங்க பெரும்பாலும் மேட் இல்லாதவங்க.

ஜீன்ஸ் நம்ம அடையாளமா இருக்கலாம், ஆனா நனைஞ்ச டெனிம் சீக்கிரம் காயாது. மலைப்பக்கம் ராத்திரிக்கு ஒரு பாலியஸ்டர் ட்ராக் பேன்ட், ஒரு கம்பளி ஸ்வெட்டர், ரெண்டு ஜோடி சாக்ஸ் தனியா பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வைங்க. கிளம்பறதுக்கு முன்னாடி மூட்டையைத் தோள்ல மாட்டி வீட்டு மாடிப்படி பத்து தடவை ஏறி இறங்குங்க. எது தேவையில்லைன்னு மூட்டையே சொல்லும்.

கடைசியா, பாதுகாப்பு. எந்த இடம், யார்கூட, எப்போ திரும்பறேன்னு ஒருத்தருக்காவது சொல்லிட்டுப் போங்க. புட்ச்சாத் தெரியறவங்களுக்கு வழியில பெரிய தொந்தரவு பொதுக் கழிப்பறை. 'இது லேடீஸ்'னு ஒரு குரல் வரும். எனக்கு வந்திருக்கு, நிறைய தடவை. அப்போ கூட ஒரு தோழி நடந்து வந்து சாதாரணமாப் பேசினா, பாதிப் பிரச்சனை அங்கேயே அடங்கும். அதனால முதல் பயணத்துக்குத் தனியாப் போகாதீங்க. ஒருத்தர் கூடாரம் கொண்டு வரட்டும், ஒருத்தர் அடுப்பும் பாத்திரமும், ஒருத்தர் மேட். செலவு மூணாப் பிரியும், சுமையும் மூணாப் பிரியும்.

இந்த வாரம் உங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஒரே ஒரு மெசேஜ் போடுங்க: யார் வீட்டுப் பரண்ல கூடாரம், பை, பழைய கம்பளி கிடக்குதுன்னு. கூடவே, யார் வீட்டுல ஷோல்டர் பெருசான அண்ணன் சட்டை கிடக்குதுன்னும் கேளுங்க. பதில் வரும். வந்ததும் எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கறேன்.